இடிக்கு வழி அமைத்த பெஞ்சமின் பிராங்கிளின்

ஆங்கிலேயர் ஆட்சியின் கீழிருந்த அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்துக் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்திற்கு மணிக்கோபுரம் எழுப்பும் திருப்பணி 1750களின் தொடக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. திரண்ட நன்கொடை போதவில்லை. ஆகவே நகரப் பெரியோர் 13 பேர் பொறுப்பேற்றுக் குலுக்குச்சீட்டு நடத்தி நிதி சேர்த்தனர். அந்தப் பதின்மூவருள் ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அச்சகத்தார் ஆவார். அவர் அத்தேவாலயத்திற்கு நாள்தோறும் செல்லும் பக்தரல்லர். எனினும் அக்கோபுரம் எழ வேண்டுமென்பதில் அவருக்குத் தனியானதோர் ஆவல் இருந்தது. மின்னல் என்பது யாது என்று அறிய அவருக்கு உயரமான ஓரிடம் தேவைப்பட்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் ஊரின் மிக உயர்ந்த கட்டடம் பெரும்பாலும் வழிபாட்டுத் தலமாகவே இருந்தது. ஆதலின் இடியும் முதலில் அங்குதான் விழுந்தது. இடிமழை வரும்போது ஆலய மணிகளை இடைவிடாது ஒலித்தால் தீங்கு விலகும் என்று மக்கள் நம்பினர். அதற்கென்றே மணிகளைப் புனிதப்படுத்தி ஏற்றினர். மணியடிப்பவரோ நனைந்த கயிற்றைப் பற்றியபடி கோபுரத்தடியில் நிற்பார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 33 ஆண்டுக் காலத்தில் 386 மணிக்கோபுரங்கள் இடியால் தாக்குண்டன என்றும், மணியடித்தோர் 103 பேர் மாண்டனர் என்றும் 1784இல் ஜெர்மனியில் வெளிவந்த நூலொன்று கணக்குக் கூறியது. தொண்டு செய்யப் போனவர்களே பலியான கொடுமை அது.

மெழுகுவர்த்திக்காரர் மகன்

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்; விலங்குக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருக்கு மக்கள் பதினெழுவர். ஆண்மக்களில் கடைக்குட்டி பெஞ்சமின். அவரைச் சமயப் பணிக்கு ஆளாக்கவே தந்தையார் முதலில் விரும்பினார். செலவு தாங்கவில்லை. பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டார்.

அங்கே அவர் எழுத்துக் கோத்த செய்தித்தாள், 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, அம்மைப்பால் குத்தும் புதிய முறையைக் கடுமையாக எதிர்த்தது. இச்செய்தியை நினைவில் கொள்ளுதல் நன்று. தமையனாரின் அடிக்கும் அதட்டலுக்கும் ஆற்றாது, பதினேழாம் வயதில் பிலடெல்பியாவிற்கு ஓடிப்போனார். பின்னர் அச்சகம், செய்தித்தாள், 1731இல் சந்தா நூலகம், 1736இல் தீயணைப்புச் சங்கம் என அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. 1732இல் அவர் தொடங்கிய ஏழை ரிச்சர்டு பஞ்சாங்கம் வீடுதோறும் தொங்கியது.

அந்த 1736ஆம் ஆண்டிலேயே அவருடைய நான்கு வயதுச் செல்வன் பிரான்சிஸ் பெரியம்மையில் மறைந்தான். குழந்தைக்கு அம்மைப்பால் குத்தாமல் காலம் தாழ்த்திய குறையை அவர் இறுதிவரை மறக்கவில்லை. பிற பெற்றோர் அத்தவற்றைச் செய்யலாகாது என்பதற்காகவே தம் வரலாற்றில் அதனை ஒளியாமல் எழுதி வைத்தார்.

ஊசிமுனை கற்பித்த பாடம்

1748இல், நாற்பத்திரண்டாம் வயதில், தொழிலைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கினார். மின்சாரம் அந்நாளில் செல்வர் வீட்டு விருந்துகளில் காட்டும் வேடிக்கையாகவே இருந்தது. கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும். இறகும் தாளும் ஒட்டிக்கொள்ளும். விரலை நீட்டினால் பொறி பறக்கும். லண்டன் வணிகர் பீட்டர் காலின்சன் அத்தகைய குழாய் ஒன்றைப் பிலடெல்பியா நூலகத்திற்கு அன்பளிப்பாக அனுப்பினார். பிராங்கிளினுக்கு அது போதியதாயிற்று.

தேய்ப்பதனால் மின்சாரம் உண்டாவதில்லை, ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு அது இடம்பெயர்கிறது என்று அவர் கண்டார். மிகுந்த இடத்தை நேர் என்றும், குறைந்த இடத்தை எதிர் என்றும் அழைத்தார். அச்சொற்களே இன்றும் மின்கலத்தின் இரு முனைகளிலும் வழங்குகின்றன.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கண்ணாடிப் புட்டியின் வாயில் இரும்புக் குண்டு ஒன்றை வைத்து மின்னேற்றினார். அருகே பட்டு நூலில் தொங்கிய தக்கை உருண்டை விலகி நின்றது. கூரிய ஊசியைக் கையில் பிடித்து ஆறெட்டு அங்குலத் தொலைவில் நீட்டியதும் மின்சாரம் ஓசையின்றி இறங்கிப்போக, தக்கை குண்டின்மேல் போய்ச் சேர்ந்தது. மொட்டையான கம்பியை நீட்டினாலோ ஓர் அங்குலம் வரை நெருங்க வேண்டியிருந்தது. பின்னர் அதே ஊசியை அரக்குத் துண்டில் செருகி, அரக்கை மட்டும் பிடித்து நீட்டினார். ஒன்றும் நிகழவில்லை. விரலை மெல்ல நகர்த்தி ஊசியைத் தொட்ட கணமே தக்கை மீண்டும் பாய்ந்தது. ஊசி எவ்வளவு கூர்மையாயினும், அதிலிருந்து மின்சாரம் மனித உடல் வழியாகத் தரைக்குப் போகும் பாதை இல்லாவிடில் பயனில்லை என்பது அன்று ஐயமற விளங்கியது. விமானத்திற்கும் எண்ணெய் லாரிக்கும் எரிபொருள் நிரப்புமுன் கம்பி கொண்டு இணைப்பது இவ்வுண்மையைத் தழுவியதே. தேங்கிய நிலைமின்சாரம் பொறியாகத் தாவுமுன் அமைதியாக வழிந்துவிட வேண்டும்.

ஆராய்ச்சியில் அவர் எப்போதும் கவனமாக இருந்தார் எனக் கூற இயலாது. 1750ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டு பெரிய மின்சாடிகளைக் கொண்டு வான்கோழியைக் கொல்ல முயன்றபோது, மின்சாரம் முழுவதையும் தாமே வாங்கி நினைவிழந்தார். நாணியே அதனைத் தமையனார் ஒருவருக்கு எழுதினார்.

பாதிரியார் ஓடிய ஓட்டம்

பொறிக்கும் மின்னலுக்கும் ஒளியும் ஓசையும் கோணல் பாதையும் ஒத்திருப்பதைக் கண்ட பிராங்கிளின், உயர்ந்த கோபுரத்தில் காவற்கூண்டு அமைத்து, கூரிய இரும்புக் கம்பியை மேலே நீட்டி, மேகத்திலிருந்து பொறி இறங்குகிறதா எனப் பார்க்கலாம் என்று 1750இல் எழுதி அனுப்பினார். லண்டனில் அக்கடிதங்கள் 1751இல் நூலாக வெளிவந்தன. கிறைஸ்ட் சர்ச் கோபுரமோ இன்னும் எழவில்லை. அவர் காத்திருந்தார். முந்திக்கொண்டது பிரான்சு.

1752 மே 10ஆம் நாள், பாரிசுக்கு அருகேயுள்ள மார்லி என்னும் சிற்றூரில் டாலிபார் என்பவர் நட்டிருந்த 40 அடிக் கம்பியின்மேல் மேகம் சூழ்ந்தது. டாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு வைத்திருந்த பழைய படைவீரர் கம்பியில் பொறியை வரவழைத்துவிட்டு, அஞ்சி, ஊர்ப் பாதிரியாருக்கு ஆளனுப்பினார். ஆலங்கட்டி மழையில் பாதிரியார் தலைதெறிக்க ஓடுவதைக் கண்ட ஊரார், அந்தப் படைவீரர் மின்னலுக்கு இரையாகிவிட்டார் என்றெண்ணிப் பின்னால் ஓடினர். பாதிரியாரோ நின்று, தம் கையாலேயே பொறிகளை இழுத்துப் பார்த்து, நடந்ததை எழுதிக் கொடுத்தார். சமயமும் அறிவியலும் என்றும் பகை என்போர் இவரை மறந்துவிடுகின்றனர்.

பிரான்சுச் செய்தி கடல் கடந்து வருமுன், ஜூன் மாதத்தில், பிராங்கிளின் வேறொரு வழி கண்டார். பட்டுக் கைக்குட்டையால் பட்டம் கட்டி, உச்சியில் கூரிய கம்பி வைத்து, சணல் கயிற்றின் அடியில் சாவி ஒன்றைத் தொங்கவிட்டு, கையில் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் பட்டு நாடா கட்டினார். பட்டு நனையாதிருக்க ஒரு கூரையின் கீழ் நின்றார். தோற்றால் ஊர் நகைக்குமென்று எவரிடமும் கூறவில்லை. துணைக்கு வந்தவர் மகன் வில்லியம் ஒருவரே. ஓவியங்களில் அவரைச் சிறுவனாகத் தீட்டுவது வழக்கம். உண்மையில் அவர் இருபது வயது கடந்த இளைஞர். வெகுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்பு கயிற்றின் தளர்ந்த இழைகள் சிலிர்த்து நிற்கக் கண்டு, விரல்மூட்டைச் சாவியருகே நீட்டினார். பொறி தட்டியது.

அன்று அப்பட்டத்தின்மேல் இடி விழவில்லை. மேகத்தின் ஆற்றலால் கயிற்றில் சிறிதளவு மின்னேற்றமே சேர்ந்தது. இடியே விழுந்திருப்பின் தந்தையும் மகனும் பிழைத்திரார். மறு ஆண்டு ஆகஸ்டில், ருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியர் ரிக்மன் அவ்வாறே மாண்டார். அளந்து பார்ப்பதற்காக அவர் கம்பியைத் தரையோடு இணைக்காது வைத்திருந்தார். வழியற்று நின்ற மின்சாரம், குனிந்து பார்த்த அவரது நெற்றியில் பாய்ந்தது. எவரும் வீட்டில் செய்து பார்க்கத்தக்க சோதனையன்று இது.

பஞ்சாங்கத்தில் வந்த முறை

1752ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தம் வீட்டுப் புகைபோக்கியின்மேல் பிராங்கிளின் கம்பி நாட்டினார். அதிலிருந்து வந்த கம்பி மாடிப்படி வழியாக இறங்கி, நீர் இறைக்கும் குழாயின் இரும்போடு சேர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் அதனைத் துண்டித்து இரு சிறு மணிகளைக் கட்டினார். மேகம் மின்னேறி வந்தால் மணிகள் தாமே ஒலிக்கும். அவர் லண்டனில் இருந்த காலத்தில் இம்மணிகள் ஒலிப்பதைக் கேட்டு மனைவி டெபோரா அஞ்சினார். மணிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் ஓசை அடங்கும் என்று அவர் எழுதினார். அவ்விணைப்பே வீட்டிற்கும் கூடுதல் பாதுகாப்பாகும். இடைவெளியுள்ள வழியில் மின்சாரம் தாவும். தாவுமிடத்தில் நெருப்பு உண்டாகும்.

1753ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தில், வீடுகளையும் ஆலயங்களையும் இடியினின்று காக்கும் முறையை அவர் அச்சிட்டார். ஆணி செய்வோர் பயன்படுத்தும் மெல்லிய இரும்புக் கம்பி போதும். அதன் ஒரு முனை ஈரமண்ணில் மூன்று நான்கு அடி புதைய வேண்டும். மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறெட்டு அடி நிற்க வேண்டும். உச்சியில் ஓரடிப் பித்தளைக் கம்பியைக் கூராக்கிப் பொருத்த வேண்டும். நீண்ட கட்டடமாயின் இரு முனையிலும் கம்பி வேண்டும். கொல்லர் எவரும் அரை நாளில் செய்துவிடக்கூடிய வேலை. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. கம்பி ஒன்றுக்குக் காசு வாங்கியிருந்தால் பெருஞ்செல்வம் குவித்திருக்கலாம்.

நியூபரி என்னும் ஊரின் தேவாலயத்தில் இடி விழுந்தபின் தாம் கண்டதை அவர் 1755இல் டாலிபாருக்கு எழுதினார். அதைவிடத் தெளிவான பாடம் அரிது. கோபுரத்தின் மணிச்சுத்தியலிலிருந்து கீழேயிருந்த கடிகாரம் வரை பின்னலூசிப் பருமனுள்ள கம்பி ஒன்று சென்றது. மணிக்கு மேலிருந்த மரக்கோபுரம் சுக்குநூறாயிற்று. கம்பி சென்ற பகுதியிலோ சிறு சேதமும் இல்லை; கம்பி மட்டும் ஆவியாகிச் சுவரில் கரிய கோடு பதிந்திருந்தது. கம்பி முடிந்த இடத்திற்குக் கீழே கட்டடம் மீண்டும் பிளந்தது. மரத்திலும் கல்லிலும் உள்ள ஈரம் நொடியில் நீராவியாகிச் சிதறுவதே அவ்வழிவிற்குக் காரணம். ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாய்கிறது.

கோபுரக் கலசம் செம்பாலானது, ஆதலின் அதுவே இடிதாங்கி என்று ஆலய வட்டாரங்களில் சிலர் சொல்வதுண்டு. நியூபரி மணியும் உலோகமே. கலசத்தின் சிறப்பு வழிபாட்டைச் சார்ந்தது. உச்சியிலுள்ள உலோகத்திலிருந்து மண்வரை அறுபடாத தடித்த கடத்தி இறங்கினால்தான் அது இடியைத் தாங்கும். இல்லையேல் தாக்குண்டபின் சுதையும் செங்கல்லுமே வழியாகும். திருப்பணிக் குழுவினர் வண்ணம் தீட்டும்போது இணைப்பு அறுந்துள்ளதா என்று பார்ப்பது நலம்.

எதிர்ப்பும் ஏற்பும்

வரவேற்பு எல்லா இடங்களிலும் கிட்டிவிடவில்லை. பிரான்சில் மின்னியல் வல்லுநரும் மதகுருவுமான நோலே, இக்கம்பிகள் இடியை விரும்பி அழைக்கும் என்றார். 1755 நவம்பரில் பாஸ்டன் பகுதியில் நிலநடுக்கம் கண்டபோது, தோமஸ் பிரின்ஸ் என்னும் மதகுரு, கம்பிகள் வானத்து மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கியதே காரணமாகலாம் என்றெழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்திராப் அதனை மறுத்தார். மொராவியாவில் டிவிஷ் என்னும் பாதிரியார் 1754இல் தாமே ஒரு மின்கம்பி அமைப்பை நிறுவ, மழை பொய்த்ததற்கு அதுவே காரணமென்று ஊரார் சில ஆண்டுகளில் அதனைச் சாய்த்தனர்.

விண்ணின் இடிக்குத் தடையிடுவது இறைவனை மீறுவதாகும் என்ற வாதத்திற்குப் பிராங்கிளின் அளித்த விடை எளியது. மழையும் வெயிலும் அவ்விண்ணிலிருந்தே வருகின்றன. கூரை வேய்வதைப் பாவமென்று எவரும் கருதுவதில்லை. அம்மைப்பால் விஷயத்தில் தயங்கி மகனை இழந்தவர் சொன்ன விடை என்பதை உணர்ந்து படித்தால் அதன் ஆழம் புலப்படும்.

கண்கூடாகக் கண்டவை வாதங்களைவிட விரைவாக வேலை செய்தன. பிலடெல்பியாவில் வில்லியம் வெஸ்ட் என்ற வணிகர் வீட்டில் இடி விழுந்து, கம்பியின் முனை மட்டும் உருகி, வீடு தப்பிய செய்தி 1761இல் பிராங்கிளினுக்குக் கிட்டியது. 1769இல் இத்தாலியின் பிரெசியா நகரில் வெடிமருந்துக் கிடங்கின்மேல் இடி விழுந்து, நகரின் ஆறிலொரு பங்கு அழிந்தது; மாண்டோர் பலர். கம்பி வைக்கலாமா எனத் தயங்கியோர் தயக்கம் அதன்பின் குறைந்தது. வெனிஸ் நகரத்துப் புனித மார்க்கு மணிக்கோபுரம் 1489, 1745 உட்படப் பலமுறை இடியால் சிதைந்தது. 1776இல் அதற்கு இடிதாங்கி பொருத்தினர். 1902இல் அது சரிந்து விழுந்ததற்குச் சுவர் பலவீனமே காரணம்.

முனை கூராக இருக்க வேண்டுமா, உருண்டையாகவா என்பதிலும் பெரும் பூசல் எழுந்தது. அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கிய காலமாதலால், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் மாளிகையில் கூர்முனைகளை நீக்கி உருண்டை முனை வைக்கச் செய்தார். அரசியல் பகை அறிவியலில் புகுந்த கதை இது. விந்தை என்னவெனில், 2000ஆம் ஆண்டில் வெளியான நியூ மெக்சிகோ ஆய்வொன்றில், ஊசி போன்ற முனைகளைவிட ஓரளவு மழுங்கிய முனைகளே இடியை நன்கு ஏற்றன. கூர்முனை மேகத்தையே வெறுமையாக்கிவிடும் என்று பிராங்கிளின் முதலில் எண்ணியதும் பிழைதான். விழும் இடியைத் தாங்கித் தரைக்குச் செலுத்துவதும் கம்பியின் பணி என்பதை அவரே விரைவில் கூறினார். இன்றுவரை நிலைத்திருப்பது அதுவே.

இறுதிக் காலம்

1776இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும், பிரான்சில் தூதராயிருந்து உதவி திரட்டியதும், 1783இல் சமாதான உடன்படிக்கை முடித்ததும் பலரும் அறிந்தவை. அவற்றுக்காக அவர் கொடுத்த விலையில் ஒன்று மகன். பட்டம் விட்ட நாளில் உடனிருந்த வில்லியம், நியூ ஜெர்சியின் ஆளுநராகி, மன்னர் பக்கமே நின்று, 1776இல் சிறைப்பட்டார். 1785இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் கடைசியாகச் சந்தித்தனர். உறவு ஒட்டவில்லை. தந்தையார் தம் உயிலிலும் மகனை மன்னிக்கவில்லை. பகைவருக்கும் இன்சொல் கூறிய பெரியவரிடத்தில் இக்கடுமை வியப்பையே தருகிறது. ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790இல் நாடாளுமன்றத்திற்கு மனுவும் அனுப்பினார்.

வழிபாட்டில் அவர் எப்பிரிவையும் உறுதியாகச் சாரவில்லை. ஆயினும் பிலடெல்பியாவில் எச்சபையார் கட்டட நிதி கேட்டு வந்தாலும் கொடுத்தார். 1788இல் யூதர் ஆலயத்தின் கடனைத் தீர்க்க ஐந்து பவுன் எழுதினார்.

பிரான்சிலிருந்து திரும்பியபின் 1787இல் வீட்டை விரிவாக்க முனைந்தபோது, பழைய இடிதாங்கியை இறக்கிப் பார்த்தனர். ஒன்பது அங்குல நீளமிருந்த செம்பு முனை ஏறக்குறைய முழுதும் உருகிப்போயிருந்தது. அவர் கடல் கடந்து இருந்த ஏதோ ஒரு நாளில் இடி விழுந்திருக்கிறது, வீடு நின்றது. ஊராருக்குப் பயன்பட்ட கருவி கண்டவருக்கும் பயன்பட்டதே என்று மகிழ்ந்து இத்தாலிய நண்பர் ஒருவருக்கு மடல் எழுதினார்.

1790 ஏப்ரல் 17ஆம் நாள், 84ஆம் வயதில் பிராங்கிளின் காலமானார். ஏறத்தாழ 20,000 பேர் இறுதிச் சடங்கில் திரண்டனர். நகரின் பல சமயக் குருமார்களும் உடன் நடந்தனர். குலுக்குச்சீட்டு நடத்தி அவர் எழுப்ப உதவிய கோபுரத்தையுடைய கிறைஸ்ட் சர்ச்சின் இடுகாட்டில், மனைவி டெபோராவுக்கும் நான்கு வயது பிரான்சிசுக்கும் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.